டிவிஆரா, கணினியா, ரவுட்டரா? கடலூர் அலுவலகத்தில் பாக்கெட்டை எங்கே நின்று பிடிப்பது?

கெடிலக்கரை · கடலூர் · திங்கள் இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கணினிகள், பிரிண்டர்கள், ஐஸ் அறையின் வெப்பநிலையை அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி, கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர், வந்து போகிறவர்களுக்கு வைஃபை. 100 எம்பிபிஎஸ் ஃபைபர். எல்லாம் ஒரே சுவிட்ச் வரிசையில் இருக்கின்றன.

சில வாரங்களாக இணையம் திடீர் திடீரென்று திணறுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வேகம் சரியாகவே காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. போன வாரம் இணைய சேவை நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது: உங்கள் ஐபியிலிருந்து வெளி நெட்வொர்க்குகளைத் துழாவும் போக்குவரத்து போகிறது, உடனே சரிசெய்யுங்கள் என்று. எல்லாக் கணினியிலும் ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. ரவுட்டர் பதிவில் "இணைப்பு அட்டவணை நிரம்பியது" என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது.

நெட்வொர்க்கில் ஓடும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் போட்ட லேப்டாப்பை மெயின் சுவிட்சில் செருகிப் பார்த்தேன். என் லேப்டாப் பேசுவதும், "இந்த ஐபி யாருடையது" என்று எல்லாரிடமும் கேட்கும் ஏஆர்பி கூச்சலும்தான் தெரிகின்றன. உரிமையாளர் "புது ஃபயர்வால் வாங்கிடலாமா?" என்று கேட்கிறார். எது அனுப்புகிறது என்று தெரியாமல் அவரைச் செலவு செய்யவைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே நின்று பிடிப்பது?

வில்லியனூர்_ஃபைபர் · புதுச்சேரி · திங்கள் இரவு 10:15

தம்பி, ரவுட்டரை ரீசெட் பண்ணு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்து. எல்லா மெஷினையும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. நான் பாக்குற கம்ப்ளைண்ட்ல முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிடும். பாக்கெட்டைப் பிடிச்சு என்ன தெரியப் போகுது? இன்னைக்கு எல்லாமே டிஎல்எஸ்ங்கற பூட்டு போட்டுத்தான் போகுது, உள்ள இருக்கறது ஒண்ணும் படிக்க முடியாது.

முதலியார்பேட்டை_நெட் · புதுச்சேரி · திங்கள் இரவு 11:03

அண்ணே, தயவுசெய்து ஆஃப் பண்ணச் சொல்லாதீங்க. இந்த மாதிரி கருவிகளில் புகுவதில் பல வகை, நினைவகத்தில் மட்டுமே தங்கும். அணைத்துப் போட்டால் அதுவும் போகும், எப்படி வந்தது என்ற தடயமும் போகும். வந்த வழி திறந்தே இருப்பதால் மறுபடி வரும்.

கெடிலக்கரை, கருவியை விட இடம்தான் முக்கியம். சுவிட்ச் என்பது யாருக்கு வந்த பாக்கெட்டோ அவர் போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்பும். உங்கள் லேப்டாப்புக்கு மற்றவர் பேச்சு கேட்காதது சுவிட்ச் சரியாக வேலை செய்வதற்கு அடையாளம். மூன்று வழி இருக்கிறது. மற்ற போர்ட்டுகளின் பேச்சை நகலெடுத்துத் தரும் மிரர் போர்ட் உள்ள ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று போடலாம். கேபிளின் நடுவில், கடந்து போவதை நகலெடுத்துத் தரும் டாப் என்கிற கருவியைச் செருகலாம். இல்லையென்றால், ரவுட்டரே அனுமதித்தால் அதிலேயே பிடிக்கலாம். உங்களுக்கு முதல் வழி போதும். எட்டு போர்ட் ஸ்மார்ட் சுவிட்சில்கூட மிரர் வசதி இருக்கும், வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

அதை ரவுட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் வையுங்கள், ரவுட்டருக்கு உள்பக்கம். வெளிப்பக்கம் பிடித்தால் நாட், அதாவது ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம், முடிந்த பிறகு எல்லாம் ஒரே பொது ஐபியாகத் தெரியும், எந்தக் கருவி அனுப்பியது என்று தெரியாது. உங்கள் இணைய நிறுவனம் நின்று பார்ப்பதும் அந்தப் பக்கம்தான், அதனால்தான் அவர்களால் "உங்கள் ஐபி" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

மிரரில் ஒரு கவனம். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் போவது, வருவது இரண்டும் சேர்ந்து இரண்டு ஜிகாபிட் வரை ஏறலாம். அதை ஒரு ஜிகாபிட் மிரர் போர்ட்டில் கொட்டினால் மீதி சத்தமில்லாமல் விழுந்துவிடும். உங்கள் 100 எம்பிபிஎஸ் வரிக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய இடத்தில் வேலை செய்கிறவர்கள் மறக்கக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்_கடை · கடலூர் · செவ்வாய் காலை 7:20

நான் ஜவுளிக்கடைக்காரன், இது தொழில் இல்லை. ஒரு சந்தேகம். இப்படி எல்லாத்தையும் பிடிச்சு வெச்சா டிஸ்க் தாங்குமா?

முதலியார்பேட்டை_நெட் · செவ்வாய் காலை 8:05

நல்ல கேள்வி சார். 100 எம்பிபிஎஸ் வரி முழுக்க நிரம்பி ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, ஒரு நாளைக்கு ஒரு டெராபைட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் எந்த அலுவலகத்திலும் வரி நாள் முழுக்க நிரம்பி ஓடாது. சராசரி 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 108 ஜிபி. பழைய டெஸ்க்டாப்பில் ஒரு டெராபைட் டிஸ்க் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

வயர்ஷார்க்கோடு வரும், திரையில்லாமல் பிடிக்க மட்டும் செய்யும் டம்ப்கேப்பில் சுழல் கோப்பு வசதி இருக்கிறது. இத்தனை எம்பி ஆனதும் அடுத்த கோப்பு, இத்தனை கோப்பு ஆனதும் பழையதை அழி என்று சொல்லிவிடலாம். வயர்ஷார்க் திரையையே நாள் கணக்கில் ஓடவிடாதீர்கள், ரேம் தின்று விழுந்துவிடும். டம்ப்கேப் பிடிக்கட்டும், வயர்ஷார்க் அப்புறம் படிக்கட்டும். கோப்பு சின்னதாக இருப்பதில் இன்னொரு லாபம், கரண்ட் போனாலும் கடைசிக் கோப்பு மட்டும்தான் பாதியில் நிற்கும். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிடிக்கும் கணினிக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

பிடிக்கும் கணினியின் கடிகாரத்தை, நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியில் சேர்த்துவிடுங்கள். கேமரா பதிவு ஒரு நேரம், ரவுட்டர் பதிவு ஒரு நேரம், பாக்கெட் ஒரு நேரம் என்று இருந்தால் மூன்றையும் கோக்கவே முடியாது. சில பதிவுகள் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ராத்திரி ஒன்றரை மணி என்று நாம் தேடுவது அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டு மணியாக இருக்கும்.

வில்லியனூர்_ஃபைபர் · செவ்வாய் காலை 9:31

இடம், டிஸ்க் எல்லாம் சரி. ஆனா என் கேள்விக்குப் பதில் வரலையே? டிஎல்எஸ் 1.3 வந்தது 2018. அதுல சர்வரோட சான்றிதழ்கூட மறைஞ்சுதான் போகுது. பூட்டின பாக்கெட்டை டெராபைட் கணக்குல சேத்து வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? ஃப்ளோ பதிவு போதும்: யார், யாரோட, எந்த போர்ட், எவ்வளவு. அதுக்கு இடமும் கொஞ்சம்தான் ஆகும்.

முதலியார்பேட்டை_நெட் · செவ்வாய் காலை 10:12

அண்ணே, ஃப்ளோ பதிவு வேண்டும், அதில் நமக்குள் சண்டையே இல்லை. அரசு உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைக்க அதுதான் சரி. ஆனால் "பூட்டியிருக்கிறது, அதனால் ஒன்றும் தெரியாது" என்பதை ஏற்க மாட்டேன். துறைமுக வாசலில் நிற்கிறவர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறப்பதில்லை. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு சுமையோடு, எந்தத் திசையில் போனது என்பது அவருக்குத் தெரியும். டிஎல்எஸ் பாக்கெட்டிலும் அதுதான் நிலைமை.

இணைப்பு தொடங்கும் கைகுலுக்கலின் முதல் செய்தியில், எந்தப் பெயருடைய தளத்துக்குப் போகிறேன் என்பதைப் பெரும்பாலும் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அதையும் மறைக்கும் முறை பரவி வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியில் எந்தக் குறியாக்கங்கள், எந்த வரிசையில், எந்த நீட்டிப்புகளோடு கேட்கப்படுகின்றன என்பதை வைத்து, பேசுவது எந்த மென்பொருள் என்று ஊகிக்கலாம். 2017-ல் வந்த ஜேஏ3 கைரேகை அதைத்தான் செய்கிறது. ஒரே மென்பொருள் மட்டும் பேசவேண்டிய கருவியிலிருந்து வேறு கைரேகை வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

அதற்கு மேல் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபியைக் கேட்கும் சேவை. இல்லாத பெயர்களை நிமிடத்துக்கு நூறு முறை கேட்கும் கணினி, ஒரே டொமைனுக்குக் கீழே நீளநீளமான அர்த்தமில்லாத பெயர்களைக் கேட்கும் கணினி, இரண்டும் உடனே தனித்துத் தெரியும். பெயரில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் 63 எழுத்து வரை வைக்க இடமுண்டு. தகவலை நறுக்கி அதில் திணித்து வெளியே கடத்துகிறவர்கள் அந்த இடத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

பூட்டாத பாக்கெட்டும் நிறைய ஓடுகிறது. விலை குறைந்த டிவிஆர், பிரிண்டர், சென்சார் பெட்டி எல்லாம் இன்னும் திறந்த வாயோடுதான் பேசுகின்றன.

மஞ்சக்குப்பம்_வக்கீல் · கடலூர் · செவ்வாய் மாலை 6:48

தொழில்நுட்பம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

கெடிலக்கரை தம்பி, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். யாருடைய நெட்வொர்க், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று ஒரு பக்கம் போதும். அனுமதி இல்லாமல் ஒரு நெட்வொர்க்கிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. வைஃபை உபயோகிக்கிற வெளியாட்களின் பேச்சும் அந்தக் கோப்பில் விழும். ஊழியர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். வேலைக்கு வேண்டாத பகுதியைப் பிடிக்காமலே விட முடியும் என்றால் அதுவே மேல்.

இரண்டாவது, கோப்பு நீதிமன்றம் வரை போகலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 2023 நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க அதன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தின் 65பி இருந்த இடம் அது. இப்போதைய படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணையும், எழுத வேண்டும். ஆகவே கோப்பைப் பிடித்த அன்றைக்கே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் போட்டு, நேரத்தோடு எழுதி, மூலக் கோப்பைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். ஆராய்வது நகலில் மட்டும்.

கெடிலக்கரை · வியாழன் இரவு 8:55

ஸ்மார்ட் சுவிட்ச் போட்டு, அனுமதிக் கடிதம் வாங்கி, ஊழியர்களிடமும் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். வக்கீல் சார் சொன்னபடி விருந்தினர் வைஃபை ஐபி வரம்பைப் பிடிக்கும்போதே தவிர்த்துவிட்டேன்.

வயர்ஷார்க்கில் முனைகள் பட்டியலை எடுத்து, பாக்கெட் எண்ணிக்கைப்படி அடுக்கினேன். முதலில் நின்றது எந்தக் கணினியும் இல்லை, டிவிஆர். கருவிக்கே உரிய மேக் முகவரியை டிவிஆரின் ஒட்டுத்தாளோடு ஒத்துப் பார்த்தேன், அதேதான். இணைப்பு தொடங்கக் கேட்கும் வெறும் சின் பாக்கெட்டுகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு முகவரிக்கு, பெரும்பாலும் தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் டெல்நெட்டின் போர்ட் 23, நடுநடுவே 2323. பதில் அநேகமாக எதற்கும் இல்லை. பைட் கணக்கில் பார்த்தால் ரொம்பச் சின்ன அளவு, அதனால்தான் ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சின்னுக்கும் ரவுட்டர் தன் நாட் அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்குகிறது, அட்டவணை நிரம்பி மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகிறது. அந்தப் பதிவு வரிக்கு இப்போது அர்த்தம் புரிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். ஐஸ் அறைப் பெட்டி அறுபது நொடிக்கு ஒரு தடவை வெளியே ஒரே சர்வரோடு பேசுகிறது. இதுவும் புகுந்திருக்கிறதா?

காலாப்பட்டு_மாணவி · புதுச்சேரி · வியாழன் இரவு 9:30

அண்ணா, 23-ம் 2323-ம் என்றால் கேமரா, டிவிஆர் போன்றவற்றில் புகும் மிராய் தீங்குநிரல் வகையாக இருக்கலாம். அதன் மூல நிரல் 2016-லேயே வெளியாகிவிட்டது, பாடத்துக்காகப் படித்திருக்கிறேன். ஸ்கேன் செய்யும் பகுதியில் பத்துக்கு ஒன்று 2323-க்குப் போகும், மீதி 23-க்கு.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. அந்த நிரல் சின் பாக்கெட்டின் டிசிபி வரிசை எண்ணாக, போய்ச் சேரும் ஐபி முகவரியையே எண்ணாக்கிப் போடுகிறது. உதாரணத்துக்கு 203.0.113.25-க்கு அனுப்பினால் வரிசை எண் 3405803801 என்று இருக்கும். சாதாரண மென்பொருளில் அது தற்செயலான எண்ணாகத்தான் இருக்கும். வயர்ஷார்க் வழக்கமாகச் சார்பு எண்ணைக் காட்டுவதால் எல்லாச் சின்னிலும் 0 என்றே தெரியும். பாக்கெட்டை விரித்து, அதற்கடுத்து இருக்கும் மூல எண்ணைப் பாருங்கள்.

கெடிலக்கரை · வியாழன் இரவு 9:58

பார்த்தேன். எடுத்த எல்லாப் பாக்கெட்டிலும் மூல எண்ணும் போகும் முகவரியும் ஒன்றேதான். நன்றி தங்கை, மிகப் பெரிய உதவி.

முதலியார்பேட்டை_நெட் · வியாழன் இரவு 10:20

அருமை மாணவி. இனி சந்தேகமில்லை, அந்தக் குடும்பம்தான். 2016 அக்டோபர் 21-ல் டின் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையைத் திணறடித்துப் பெரிய பெரிய தளங்களைப் படுக்கவைத்ததில் இந்தக் குடும்பத்தின் கேமராக்களுக்கும் டிவிஆர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இந்த அலுவலகத்து டிவிஆரும் நாளைக்கு எவர் தலையிலோ விழப்போகிற கல்தான், அதனால் இன்றிரவே தடுங்கள். டிவிஆரை அணைக்க வேண்டாம், கேமரா பதிவு நடக்கட்டும். ரவுட்டரில் அதன் ஐபிக்கு இணையம் போகும் வழியையும் வரும் வழியையும் மட்டும் அடையுங்கள்.

ஐஸ் அறைப் பெட்டியைப் பற்றி: ஒழுங்கான இடைவெளியில் பேசுவது தீங்குநிரலின் குணம், ஆனால் நல்ல கருவிகளின் குணமும் அதுதான். என்டிபி, அப்டேட், யுபிஎஸ் மென்பொருள் எல்லாம் தாளம் தப்பாமல்தான் பேசும். அது பேசும் சர்வர் யாருடையது, பெட்டியின் கையேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா, உள்ளே போவது வெப்பநிலை எண்தானா என்று பாருங்கள். சரியாக இருந்தால், இது வழக்கம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் கெட்ட நாள் கண்ணில் படும்.

இப்போது முக்கியமானது: டிவிஆருக்குள் எப்படி வந்தது? பின்னோக்கித் தேடுங்கள். டிவிஆரின் போர்ட் 23-க்கு வெளியிலிருந்து வந்த இணைப்பு ஏதாவது கோப்பில் இருக்கிறதா?

கெடிலக்கரை · வெள்ளி காலை 11:10

இருக்கிறது. டிவிஆருக்கு இரண்டு பக்கமும் வழியை நேற்றிரவே அடைத்துவிட்டேன். பிறகு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

புதன் மாலை கேமரா தொங்கியதால் வாட்ச்மேன் டிவிஆரை அணைத்துப் போட்டிருக்கிறார். அவர் எப்போதும் செய்வதுதானாம், செய்தால் "நெட்டும் நல்லாயிடும்" என்கிறார். கோப்பிலும் அப்படியே: அணைத்துப் போட்டதும் சின் மழை நின்றுவிட்டது. சில நிமிடங்களில் வெளியிலிருந்து ஒரு டெல்நெட் இணைப்பு. டெல்நெட் பூட்டாமல் பேசுவது என்பதால் பேச்சு முழுவதும் அப்படியே படிக்க முடிகிறது. தொழிற்சாலையில் போட்டுக்கொடுத்த பெயர், கடவுச்சொல். முதல் முயற்சியிலேயே உள்ளே. பிறகு பிஸிபாக்ஸ் (சின்னக் கருவிகளில் இருக்கும் லினக்ஸ் கட்டளைத் தொகுப்பு) கட்டளைகள், ஒரு ஐபியிலிருந்து ஒரு கோப்பை இறக்குகிறது, ஓடவைக்கிறது, இணைப்பு முடிகிறது. அடுத்த நொடி மறுபடி சின் மழை.

வழியைத் திறந்துவைத்தது ரவுட்டரின் டிஎம்இசட் அமைப்பு. கேமரா மாட்டியவர், முதலாளி செல்போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக டிவிஆரை அப்படியே வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்.

வில்லியனூர்_ஃபைபர் · வெள்ளி பகல் 12:02

கெடிலக்கரை, ஒண்ணு ஒத்துக்கணும். ஃப்ளோ பதிவு மட்டும் இருந்திருந்தா "வெளியிலேர்ந்து போர்ட் 23, இத்தனை பைட்" அதோட முடிஞ்சிருக்கும். எந்தக் கடவுச்சொல், எங்கேருந்து கோப்பு இறங்குச்சு, இது ரெண்டும் முழுப் பாக்கெட் இருந்ததாலதான் கெடச்சுது. அந்த இறக்கின ஐபியை எங்களுக்கும் மெயில் பண்ணு, எங்க பக்கத்து மத்த வாடிக்கையாளர்கள்ல யார் அதைத் தொட்டிருக்காங்கன்னு பாக்கச் சொல்றேன்.

சிப்காட்_வாசல் · கடலூர் · வெள்ளி மாலை 7:15

ரசாயன ஆலையில் கருவியியல் பிரிவில் இருக்கிறேன். ஆலை நெட்வொர்க்கை எண்ணி எனக்கு இந்த இழை முழுக்க வயிற்றைக் கலக்குகிறது. அலுவலகத்தில் இணையம் திணறும், அவ்வளவுதான். எங்களிடம் வால்வு திறக்கும்.

பல ஆலைகளில் கருவிகள் தமக்குள் பேச இன்னும் மாட்பஸ் ஓடுகிறது. 1979-ல் வந்த நெறிமுறை. டிசிபி போர்ட் 502. யார் கேட்கிறார் என்று அது விசாரிப்பதே இல்லை, கேட்டால் செய்யும். அதனாலேயே பாக்கெட் பிடிப்புக்கு எங்களிடம் மதிப்பு அதிகம், எல்லாம் திறந்த பேச்சு. செயல் எண் 3 என்றால் படிக்கிறான். 6 அல்லது 16 என்றால் எழுதுகிறான். கட்டுப்பாட்டு அறைக் கணினி தவிர வேறு எந்த ஐபியிலிருந்து எழுதும் கட்டளை வந்தாலும் மணி அடிக்க வேண்டும். இதற்கு நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஜீக், சூரிகாட்டா போன்ற கட்டற்ற மென்பொருள்களே போதும், இரண்டுக்கும் மாட்பஸ் புரியும்.

கெடிலக்கரை போல ஆலையில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலை வரியில் நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள். போர்ட் ஸ்கேன் போட்டால், இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பிஎல்சி பழையதாக இருந்தால் தொங்கிவிடலாம். கேட்க மட்டும் செய்யும் டாப் போதும், அதையும் ஆலை நிறுத்தம் வரும் நாளில் மாட்டுங்கள், ஏனென்றால் கேபிளை ஒரு நொடி கழற்ற வேண்டும். 2017-ல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்பு நிறுத்தக் கருவிக்குள்ளேயே தீங்குநிரல் புகுந்தது. ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தவேண்டிய கருவி அது. எங்கள் வாசலுக்கு வெளியே ஊர் இருக்கிறது, தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்_வக்கீல் · வெள்ளி இரவு 8:40

கெடிலக்கரை தம்பி, நேற்றிரவு உறுதியானது என்றால் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவித்துவிட்டீர்களா? 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், இணையத்தில் இணைந்த கருவிகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பதிவுகளை 180 நாள் வைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். பதிவுகள் என்றுதான் சொல்கிறது, முழுப் பாக்கெட் என்று சொல்லவில்லை. ஆகவே பிடித்த கோப்பை எல்லாம் ஆறு மாதம் சேர்த்துவைக்கத் தேவையில்லை. வழக்குக்கு வேண்டிய கோப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றதை அனுமதிக் கடிதத்தில் சொன்ன நாளில் அழித்துவிடுங்கள்.

கெடிலக்கரை · சனி காலை 10:30

வியாழன் இரவே உரிமையாளர் பெயரில் மெயில் போய்விட்டது சார். ஹாஷும் எழுதி வைத்தாயிற்று.

செய்தவை: டிஎம்இசட், கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி இரண்டையும் நிறுத்தினேன். டிவிஆரும் கேமராவும் தனி விலேனில், அதாவது அதே சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்கில். அங்கிருந்து இணையத்துக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் வழியில்லை. முதலாளி செல்போனில் பார்ப்பது இனி விபிஎன் வழியாக. டிவிஆரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினாலும் டெல்நெட் கடவுச்சொல் மாறவில்லை, நிரலிலேயே பதிந்திருக்கிறது. தயாரிப்பாளர் தளத்தில் புது ஃபர்ம்வேரும் இல்லை, அதனால் வேறு டிவிஆர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். புது ஃபயர்வால் செலவு இப்போதைக்கு இல்லை.

டிவிஆரிலிருந்து உள் கணினிகளை நோக்கிப் பாக்கெட் போனதா என்றும் தேடினேன். சுவிட்சுக்குள்ளேயே நடப்பது ரவுட்டர் வாசலில் நிற்கும் மிரருக்குத் தெரியாது என்பதால், இப்போது டிவிஆர் போர்ட்டையும் சேர்த்து மிரர் செய்கிறேன். ஐஸ் அறைப் பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் வெப்பநிலையைப் பூட்டாமல் அனுப்புகிறது. தயாரித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

காலாப்பட்டு_மாணவி · சனி பகல் 1:05

அண்ணா, அந்த டெல்நெட் கோப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைக்குமா? வெளிநாட்டு மாதிரிக் கோப்புகளை வைத்தே பயிற்சி செய்கிறோம். நம் பக்கத்து ஊரில் நடந்ததைப் பார்த்தால் ஜூனியர்களுக்கு ஆர்வம் வரும்.

முதலியார்பேட்டை_நெட் · சனி பகல் 1:40

கொடுக்கலாம் கெடிலக்கரை, ஆனால் அப்படியே வேண்டாம். டிவிஆரின் அந்த ஒரு உரையாடலை மட்டும் தனியாக வெட்டி எடுங்கள். பொது ஐபியையும் மேக் முகவரியையும் மாற்றுங்கள், டிசிபிரீரைட் அதைச் செய்யும். இறக்கிய கோப்பின் உடல் பாக்கெட்டுகளுக்குள் உயிரோடு இருக்கிறது, அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். டிஎன்எஸ் கேள்விகளில் நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை தேடிவிடுங்கள்.

கெடிலக்கரை · சனி மாலை 5:20

உரிமையாளரிடம் கேட்டேன், பெயர் வெளியே வரக்கூடாது, மற்றபடி பிள்ளைகள் படிக்கட்டும் என்றார். எழுத்தில் வாங்கிக்கொண்டு, வெட்டி, மாற்றி, முதலியார்பேட்டை அக்காவுக்கு முதலில் அனுப்புகிறேன். அவர் பார்த்துச் சரி என்றதும் தங்கைக்கு வரும்.